வெற்றுக் குழாயின் எடை

டிரக்கியிலிருந்து கணவாய் ஏறி
மேற்கே கொஞ்சம் இறங்கினால்
பனி வழிக்கும் வண்டிகள் திரும்பிப்போகும் இடம்.
அங்கிருந்து நடை.

மென்டியோலா முன்னே போகிறாள்,
தோளில் அலுமினியக் குழாய்.
பத்து இடத்தில் குத்த வேண்டும்.
பத்திலும் அடிமண் தொட வேண்டும்.
குழாயின் வாயில் ஒரு சிட்டிகை மண்ணோ
மக்கிய ஊசியிலையோ ஒட்டியிருந்தால்தான்
கணக்கு செல்லும்.
இல்லையென்றால் தட்டிக் கொட்டிவிட்டு
மறுபடி குத்து.

உயரம் பேச்சுக்கு.
நாலடிப் பனி, ஆறடிப் பனி
என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.
நாங்கள் எடை கேட்கிறோம்.
டிசம்பரில் அலாஸ்காப் பக்கமிருந்து வந்தது
வெறும் இலவம்பஞ்சு.
குழாய் நிறைய அள்ளியும்
தராசு கொட்டாவி விட்டது.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை
என்பது எங்கள் பழமொழி.
இங்கே விளக்குகளை எடுத்துவைத்த பிறகுதான்
வானம் கணக்கையே திறக்கிறது.
ஐந்தாறு பெரிய புயல்,
அவ்வளவுதான் ஒரு வருஷம்.
அதில் ஒன்று பாதை மாறி வடக்கே போனால்
ஆகஸ்டில் யாரோ
ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறடி இறக்குவார்கள்.

ஜனவரி முழுக்க எதுவும் வரவில்லை.
கல்யாண மண்டப வாசலில்
காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு
சாவியோடு காணாமல்போனவனைப் போல
கடல்மேல் ஓர் உயர் அழுத்தம்.
வந்த மேகமெல்லாம் ஹாரன் அடித்துப் பார்த்து
கனடாவுக்குத் திரும்பின.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வழி விட்டது.
வந்ததோ ஹவாய்ப் பக்கத்துச் சூடு,
வானத்தில் ஓடும் ஆறு.
எட்டாயிரம் அடிவரை மழை.
பனிமேல் மழை.
ஜூனுக்கென்று மலை முடிந்துவைத்திருந்ததை
இரண்டே இரவில் அவிழ்த்துவிட்டது.

கீழே அணை நிரம்பவில்லை.
அந்த மாதத்தில் நிரம்பவும் கூடாது.
வரப்போகும் வெள்ளத்துக்கு
மேல்பகுதி காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.
மதகைத் தூக்கினார்கள்.
யூபா நகரத்துப் பீச் மரங்கள்
மொட்டு விட்டிருந்த வாரம்.
வேருக்கு அருகிலேயே, கரைக்கு அந்தப்பக்கம்,
இரவும் பகலும்
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது கோடை.

ஹர்ஜோத் தில்லன் மாதாமாதம் அழைப்பார்.
என் எண்ணை யார் கொடுத்தார்களோ.
வணக்கம் கிடையாது.
"எத்தனை அங்குலம்?"
சாயங்காலம் அறிவிப்பார்கள் என்றால்
"அது ஊருக்கு. எனக்கு இப்போது" என்பார்.
அறுபது ஏக்கரில் இருபதை வேரோடு பிடுங்குவதா என்று
பேரேட்டின் ஓரத்தில் கழித்துக்கொண்டிருக்கிறவர்.
போன முறை குரல் உயர்த்தினார்:
"இன்னொரு புயல் வருமென்று
மதகைத் திறந்தவர்களுக்கு யார் சொன்னது?"
யாரும் சொல்லவில்லை.
வந்துவிட்டால் என்கிற பயம் சொன்னது.
பிறகு அவரே, தணிந்து,
சிறுவயதில் கரை உடைந்த ஓர் இரவை
கூரைமேல் கழித்ததைச் சொன்னார்.
ஒரு நாய் நீந்தி வந்ததாம்.
யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லையாம்.

இன்று மார்ச் ஒன்று.
பத்தாவது குத்து.
ஊன்றுகோலின் இரு முனையை இருவர் பிடிக்க
நடுவே தராசு, தராசில் குழாய்.
காற்று நிற்கட்டும் என்று
மூச்சை நிறுத்திக்கொள்கிறோம்,
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்.
நாற்பத்தொன்று.
வெற்றுக் குழாய் இருபத்தெட்டு.
மென்டியோலா பென்சிலை நக்கி எழுதுகிறாள்:
பதின்மூன்று.
வழக்கத்தில் பாதிதான்.

கையுறைக்குள் போன் அதிர்கிறது.
"எத்தனை?"
சொல்கிறேன்.
அந்தப்பக்கம் ஒரு டிராக்டர் அணைகிறது.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"குழாயில் மண் இருந்ததா?" என்கிறார்.
"இருந்தது."
"காய்ந்தா, ஈரமா?"

காய்ந்த மண் என்றால்
உருகும் நீரில் முதல் பங்கு அதற்கு.
ஆறு காத்திருக்க வேண்டும், அணை காத்திருக்க வேண்டும்,
அவர் கடைசி.

கையுறையைக் கழற்றி
குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.
பிப்ரவரி மழை
முழுதும் கடலுக்குப் போய்விடவில்லை.

"ஈரம்" என்கிறேன்.
டிராக்டர் மறுபடி கிளம்பும் சத்தம்.